பின்பனியும் பிந்திய மழையும்

பொங்கல் திருநாள் கழிந்ததும் நம் கடலோரச் சிற்றூர்களில் ஒரு மாறுதல் தென்படும். விடியற்காலைத் திருப்பலிக்குச் செல்லும் தாய்மார் முந்தானையால் தலையை மூடிக்கொள்வர். முதியோர் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டுவர். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என அவர்கள் காலத்தைப் பகுத்தனர்.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில், நண்டலாற்றை ஒட்டி அமைந்துள்ளது பூவம். இங்குக் குளிர் என்று நாம் சொல்வதைக் கேட்டால் வடநாட்டார் நகைப்பர். சனவரி மாதத்திலும் பகல் வெப்பம் ஏறக்குறைய 28 பாகை இருக்கும். இரவில் 22 பாகையளவில் நிற்கும். அருகிலுள்ள கடல் அதற்குக் கீழே எளிதில் இறங்க விடுவதில்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்தபின், பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் இரவில் விரைவாக இழந்துவிடுகிறது. ஈர வயல்களின் மேலுள்ள காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி புல்நுனியில் பனித்துளியாகப் படிகிறது.

இப்பனி வெறும் அழகுப் பொருளன்று. சம்பா நெல் முற்றி நிற்கையில், அறுவடைக்கு ஏழு அல்லது பத்து நாள் முன்னதாக, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் நம் உழவர் தெளிப்பர். உழவு இல்லை, பாய்ச்சலும் இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரமும் இரவுப் பனியுமே அதற்குப் போதும். இதற்கென்றே ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ‘ஆடுதுறை 3’ என்னும் உளுந்து இரகத்தைத் தந்தது. நெல் விற்ற பணம் கடனுக்குப் போனாலும், பயறு விற்ற பணம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும். அதே பனி இலையில் நெடுநேரம் தங்கினால் நெற்பயிரைக் குலைநோய் தாக்கும் என்பதையும் மறப்பதற்கில்லை.

ஆனால் அண்மை ஆண்டுகளில் பனிக்காலத்திலேயே பெருமழை வந்து நம்மை அச்சுறுத்துகிறது. 2021 சனவரியில் அவ்வாறு நேர்ந்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், வங்கக் கடலில் உருவாகி இலங்கைக் கரையைக் கடந்த தாழ்வு மண்டலம் காவிரிப் படுகை முழுவதும் மழையைப் பொழிந்தது. அறுவடைக்குக் காத்திருந்த கதிர்கள் சாய்ந்து நீரில் மூழ்கின. தெளித்த உளுந்தும் அழுகியது. சேற்றில் இறங்கத்தக்க அறுவடை எந்திரத்துக்கு வாடகையும் கூடுதல், நேரமும் கூடுதல். அறுத்த நெல்லிலோ ஈரம். கொள்முதல் விதிப்படி நூற்றுக்கு 17 பங்குக்கு மேல் ஈரம் இருத்தல் ஆகாது. ஆகவே நெல்லைச் சாலையோரம் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்து நின்றன நம் குடும்பங்கள்.

தமிழக அரசு ஹெக்டேருக்கு ரூ. 20,000 நிவாரணம் அறிவித்தது. நண்டலாற்றுக்கு அக்கரை தமிழகம். இக்கரை புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அரசுகள் இரண்டு, மழையோ ஒன்று. நிவாரணம் எதுவாயினும் அது பதிவேட்டில் பெயருள்ளவரை நாடியே செல்லும். வாய்ச்சொல் குத்தகைக்கு உழுதவருக்கும், கூலிக்கு அறுக்க வந்த சகோதரிக்கும் அதில் பங்கு கிடைப்பது அரிது. நட்டம் முதலில் இறங்குவது அவர்கள் அடுப்பிலேதான்.

அவ்வாண்டு பிப்ரவரி 22ஆம் நாள் சாம்பல் புதனோடு தவக்காலம் பிறந்தது. ஒறுத்தலும் ஈகையும் நம்மிடம் கேட்கப்படும் காலமும், உழவரின் பின்பனிக் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. இதை நாம் எண்ணிப் பார்த்தோமா? நிலமுடைய குடும்பங்கள் நட்ட ஆண்டில் குத்தகையைத் தளர்த்தலாம். களம் உள்ளோர் இல்லாதோர் நெல்லையும் உலர்த்த இடம் தரலாம். தார்ப்பாய்களைப் பங்குக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாம். படித்த இளைஞர் பயிர்க் காப்பீட்டுப் படிவங்களைக் காலத்தே நிரப்பித் தரலாம்.

பனியையும் மழையையும் நிறுத்த நம்மால் இயலாது. ஆனால் அயலார் நெல் நனையும்போது நம் வீட்டுத் திண்ணையைத் திறந்துவிட நம்மால் இயலும்.