கால்ல என்னடி சிராய்ப்பு?

ஜிம்முக்குப் போகும் பெண் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் மகள் திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் ஏறி விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். ஆறு மாதமாக அங்கேயே ஒரு ஜிம்மில் எடை தூக்கும் பயிற்சியும் செய்கிறாள். அதிலிருந்து இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் தோல் உரிந்து கோடு கோடாகச் சிராய்ப்பு. "பொட்டப்புள்ள காலு இப்படித் தழும்பா கெடந்தா, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க என்ன சொல்வாங்க? நாளையிலேர்ந்து போக வேணாம்" என்று என் மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார். என் கணவரும் தலையாட்டினார்.

நிறுத்துவதற்கு முன், எதனால் வருகிறது என்று பார்க்க வேண்டாமா? மறுநாள் நானும் அவளோடு கிளம்பிவிட்டேன்.

அவள் செய்வதற்குப் பெயர் டெட்லிஃப்ட். இரு முனையிலும் இரும்புத் தட்டு மாட்டிய கம்பியைக் குனிந்து பிடித்து, தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். கை வழுக்காமலிருக்க அந்தக் கம்பியில் சொரசொரவென்று வரி போட்டிருக்கும். அதுதான் காலை உரசுகிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் என்ன என்று கேட்டேன். கம்பி உடம்பை விட்டு விலக விலக, பாரமெல்லாம் முதுகுக்குப் போய்விடுமாம். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத்தானே தூக்குகிறோம், கையை நீட்டியா தூக்குகிறோம்?

முதலில் சொல்லிக் கொடுத்தவர் எடையைக் கூட்டுவதிலேயே குறியாக இருந்தாராம். புதிதாக வந்திருக்கும் பெண் பயிற்சியாளர்தான் நிற்பதிலிருந்து திருத்தினார். கம்பி பாதத்தின் நடுவுக்கு மேலே, காலிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிந்து கம்பியைப் பிடித்து, கால் எலும்பு கம்பியைத் தொடுகிற அளவுக்கு மட்டும் முழங்காலை மடக்க வேண்டும். இவளோ மணையில் உட்காருவது போல உட்கார்ந்துவிடுவாள். முழங்கால் முன்னே வந்து கம்பியின் வழியை மறித்தால் தோல் உரியாமல் என்ன செய்யும்! இறக்கும்போதும் முதலில் இடுப்புதான் பின்னே போக வேண்டும். கம்பி முழங்காலைத் தாண்டிய பிறகே கால் மடங்க வேண்டும். முதுகு வளையவே கூடாது. எடையைக் குறைத்துக்கொண்டு இரண்டு வாரம் இப்படிப் பழகியதில் புதுச் சிராய்ப்பு வரவில்லை.

2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினாரே கர்ணம் மல்லேஸ்வரி, அவர்தான் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். இதை வீட்டில் சொன்னேன். "அது ஆந்திராக்காரப் பொண்ணு" என்றார் மாமியார். ஏன், பக்கத்து மரக்காணம் உப்பளத்தில் கூடை கூடையாக உப்பு சுமக்கிறவர்கள் யாராம்? அவர்கள் காலை யாரும் பார்ப்பதில்லை.

எனக்கும் இதில் லாபம் உண்டு. 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் சிலிண்டர் சுமார் 30 கிலோ வரும். இப்போதெல்லாம் அதைக் காலோடு ஒட்டி வைத்து, இடுப்பைப் பின்னே தள்ளி, முதுகு வளையாமல்தான் தூக்குகிறேன்.

சிராய்ப்புக்கு மஞ்சளோ காபித்தூளோ அப்ப வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, லேசாக வாசலின் தடவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். ஆறும்வரை அந்த இடத்தில் கம்பி படக் கூடாது. சிவந்து வீங்கினாலோ சீழ் வைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பியில் ரத்தம் பட்டால் உடனே துடைக்கச் சொல்லுங்கள், அடுத்த பிள்ளையும் அதைத்தான் பிடிக்கும். பவர்லிஃப்டிங் போட்டிகளில் டெட்லிஃப்டுக்கு நீளமான காலுறை போட வேண்டும் என்று விதியே இருக்கிறதாம். கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் காலுறை போதும். என் மகளுக்கு இரண்டு ஜோடி வாங்கியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, திண்டிவனம்.