நிலவில் மனிதன் நடந்தானா?



போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் குரங்கணி. அங்கிருந்து காட்டு வழியே மேலே ஏறினால் சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் ஊர் வரும். அதற்கும் மேலே, மலை முகட்டில், டாப் ஸ்டேஷன் இருக்கிறது. ஸ்டேஷன் என்றால் நிலையம் அன்றோ? ஆயின் இன்று அந்த ஊர்களில் வண்டியும் இல்லை; தண்டவாளமும் இல்லை; பெயர் மட்டும் நிற்கிறது.

ஒரு காலத்தில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக இருப்புப் பாதை இருந்தது. 1902-ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908-இல் அது சிறு புகைவண்டிப் பாதையாக மாற்றப்பட்டது. அதன் வழியே வந்த தேயிலைப் பெட்டிகள், டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே என்னும் கம்பிவடப் பாதையில் தொங்கியபடியே மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர்ப் போடியை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப் பாதையை அழித்தது. அதனை மீண்டும் எவரும் அமைக்கவில்லை.

இதனை ஒரு முறை குரங்கணியில் மாணவர் சிலரிடம் சொன்னேன். அவர்களுள் ஒருவன், “ஐயா, நூறு ஆண்டுகளுக்கு முன்பே மலைமேல் இரயில் விட்டவர்கள், இத்தனை வசதி வந்த பிறகு ஏன் விடவில்லை? எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனிதன் நிலவுக்குப் போனதும் இப்படிப்பட்ட கதைதான் என்கிறார்களே!” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஐயத்தைக் கண்டு சிரிப்பவன் ஆசிரியன் அல்லன். அன்று அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நடந்ததைக் கூறுவோம். 1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20-ஆம் நாள், அப்பல்லோ 11 கலத்தில் சென்ற நீல் ஆம்ஸ்ட்ராங்கும் எட்வின் ஆல்டிரினும் நிலவில் இறங்கினர். மைக்கேல் காலின்ஸ் தாய்க்கலத்தில் இருந்தபடி நிலவைச் சுற்றிவந்தார். 1972 டிசம்பருக்குள் ஆறு முறை அமெரிக்கர் அங்கே இறங்கினர், பன்னிருவர் நடந்தனர், ஏறத்தாழ 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர்.

இதனை ஐயுறும் பேச்சு எப்போது வலுப்பெற்றது? 1976-இல் பில் கேசிங் என்னும் அமெரிக்கர், எவரும் நிலவுக்குச் செல்லவில்லை என்று வாதிட்டு ஒரு நூலைத் தாமே வெளியிட்டார். அவர் முன்பு ராக்கெட்டுப் பொறி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஆனால் 1963-இலேயே அந்த வேலையை விட்டுவிட்டவர். பின்னர், செவ்வாய்ப் பயணத்தைப் பொய்யாகப் படம்பிடித்துக் காட்டுவதாக ஒரு திரைப்படம் வந்தது. 2001-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த ஐயங்களை இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுசென்றது. 1999-இல் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில், அமெரிக்கரில் நூற்றுக்கு 6 பேர் நிலவுப் பயணத்தைப் பொய் என்றனர்.

இவர்கள் எல்லோரும் அறிவிலிகளா? அல்லர். காலத்தை நோக்குங்கள். வியட்நாம் போரைப் பற்றி அரசு மக்களுக்கு முழு உண்மையையும் சொல்லவில்லை என்பது வெளிப்பட்டிருந்தது. வாட்டர்கேட் ஊழலால் 1974-இல் குடியரசுத் தலைவர் நிக்சனே பதவி விலகினார். ஒன்றில் பொய் சொன்னவர், மற்றொன்றில் மெய் சொன்னாலும் கேட்பவர் மனம் ஐயுறும். இது மனித இயல்பு. மேலும், நிலவுப் பயணத்தை நேரில் கண்டவர் எவரும் இல்லை, படத்திலேதான் கண்டோம். படத்தைப் புனைய முடியும் என்பதைத் திரைப்படம் பார்க்கும் சிறுவனும் அறிவான். ஆகவே ஐயம் பிறந்ததில் வியப்பில்லை. பிறந்த ஐயத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

போடியில் ஏலக்காய் ஏலம் எடுக்கும் வியாபாரியைப் பாருங்கள். அவர் எந்தச் சரக்கையும் பேச்சை நம்பி வாங்குவதில்லை. காயைக் கையில் எடுத்து நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், ஒரு லிட்டர் அளவுக்கு என்ன எடை நிற்கிறது என்று கேட்கிறார். ஐயம் அவருடைய தொழில். ஆனால், “ஏலக்காய் எல்லாமே பொய்” என்று கையை உதறிவிட்டு அவர் வீடு திரும்புவதில்லை. சோதித்தபின் ஒரு முடிவுக்கு வருகிறார். நாமும் அவ்வாறே சோதிப்போம்.

காற்றில்லாத நிலவில் கொடி எப்படி அசைந்தது என்பது முதல் வினா. கொடி தொங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அதன் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி ஒன்றைக் கோத்திருந்தார்கள். மடித்து வைத்த துணியின் சுருக்கங்களே படத்தில் அலைபோலத் தெரிகின்றன. கம்பத்தைக் கையால் திருகி ஊன்றியபோது துணி ஆடியது. அங்கே தடுக்கக் காற்று இல்லாமையால் அந்த ஆட்டம் எளிதில் அடங்கவும் இல்லை.

வானம் கருமையாக இருந்தும் விண்மீன்களைக் காணோமே என்பது இரண்டாம் வினா. திருவிழா இரவில், பெருவிளக்குகளின் கீழே நிற்கும் தேரைப் படம் எடுத்துப் பாருங்கள். தேர் தெளிவாக விழும். மேலே இருக்கும் விண்மீன்கள் விழமாட்டா. வெயிலில் ஒளிரும் தரையையும் வெண்ணிற உடையையும் எடுக்கும் கேமரா, ஒளியை மிகச் சிறு நேரமே உள்ளே விடும். மங்கிய விண்மீன் ஒளி பதிவதற்கு அது போதாது.

நிழல்கள் ஒரே திசையில் விழவில்லையே என்பது மூன்றாம் வினா. காலை வெயிலில் குரங்கணிச் சரிவில் நின்று மரநிழல்களைக் காணுங்கள். மேட்டில் ஒரு நிழல் குறுகும்; பள்ளத்தில் ஒரு நிழல் நீண்டு வளையும். அதற்காகக் கதிரவன் இரண்டு என்று சொல்வோமா? அன்றியும், இணையாகச் செல்லும் தண்டவாளங்கள் தொலைவில் கூடுவதுபோல் தோன்றுவதை நாம் அறிவோம்.

பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்கள் பயணிகளைக் கொன்றிருக்க வேண்டுமே என்பது நான்காம் வினா. இது நல்ல வினா. அந்த வளையங்கள் 1958-இல் கண்டறியப்பட்டவை. ஆகவே பயணத்தைத் திட்டமிட்டவர்கள் அவற்றை அறிந்தே இருந்தனர். கலம் அவற்றைச் சில மணி நேரத்தில் கடந்து சென்றது. சுடரின் ஊடே விரலை விரைந்து வீசி எடுப்பதற்கும் சுடரிலேயே விரலை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயும் பொருந்தும்.

பிறகு ஏன் மீண்டும் போகவில்லை? இதற்கு நம் டாப் ஸ்டேஷனே விடை சொல்லும். மலை இரயில் மீண்டும் ஓடாமைக்குக் காரணம் அது முன்பு ஓடாமை அன்று. மீண்டும் அமைக்கும் செலவுக்கு ஏற்ற தேவை இல்லாமையே. நிலவுப் பயணம் சோவியத் நாட்டோடு நடந்த போட்டி. 1966-இல் அமெரிக்க அரசின் செலவில் நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் விண்வெளித் துறைக்குச் சென்றது. போட்டியில் வென்றபின் அத்தனை பணத்தைத் தர அந்த நாடு விரும்பவில்லை.

இதுவரை ஐயங்களுக்கு விடை கூறினோம். விடை கூறுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. இனிச் சான்றுகளுக்கு வருவோம்.

அப்பல்லோ பயணிகள் நிலவில் வைத்த ஒளித்திருப்பிக் கண்ணாடிகளை நோக்கி இன்றும் லேசர் ஒளியைச் செலுத்துகிறார்கள். ஏறத்தாழ இரண்டரை நொடியில் அது திரும்பி வருகிறது. நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுகிறது என்பதையும் இவ்வகை அளவீடுகளால் அறிந்தோம். ஆயினும் நேர்மையாகச் சொல்லவேண்டும்: இந்தச் சான்று மட்டும் போதாது. ஆள் இல்லாத சோவியத் ஊர்திகளும் இத்தகைய கண்ணாடிகளைக் கொண்டு சென்றன.

கற்களைக் காண்போம். சோவியத் நாடு 1970 முதல் 1976 வரை அனுப்பிய லூனா 16, 20, 24 என்னும் மூன்று கருவிக் கலங்கள் சேர்ந்து கொண்டுவந்த மண் ஏறத்தாழ 300 கிராமே. அமெரிக்கர் கொண்டுவந்தது 382 கிலோ. ஆளின்றி அத்தனை எடையை எடுத்துவரும் கருவி அன்று எந்த நாட்டிலும் இல்லை. அக்கற்களைப் பல நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்தனர். நம் நாட்டில் தேவேந்திர லாலின் குழுவினரும் ஆராய்ந்தனர். நுண்ணிய விண்துகள்கள் மோதிய குழிகளும், அண்டக் கதிர்கள் பதித்த தடங்களும் அவற்றில் இருந்தன. காற்று மண்டலத்தின் காவலில் கிடக்கும் பூமிக் கல்லில் இவை இரா.

இங்கே தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் அனார்த்தோசைட்டு என்னும் பாறை கிடைக்கிறது. நிலவின் மேட்டு நிலத்துப் பாறையை ஒத்தது அது. அதனைப் பொடியாக்கி, நம் சந்திரயான் கலங்களின் இறங்கு கருவியையும் ஊர்தியையும் சோதிக்க நிலவு மண்போல் பயன்படுத்தினார்கள். நிலவு மண் இன்ன தன்மையது என்று எப்படித் தெரிந்தது? அந்த அறிவில் பெரும்பகுதி அப்பல்லோ கற்கள் தந்தது. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள், விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3 நிலவின் தென்முனைப் பகுதியில் மெல்ல இறங்கியது.

பிறர் சாட்சியமும் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன் கூறுவதை எதிர்க்கட்சிக்காரனே ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்தது அன்றோ? 1969-இல் பொய்யை வெளிப்படுத்தினால் பெரும் பயன் அடைந்திருக்கக் கூடியது சோவியத் நாடு. விண்கலங்களைக் கண்காணிக்கும் ஆற்றலும் அதற்கு இருந்தது. அது மறுக்கவில்லை. நம் சந்திரயான் 1, அப்பல்லோ 15 இறங்கிய இடத்தில் மண் கலைந்திருந்த சுவட்டைப் படம் எடுத்தது. சந்திரயான் 2, அப்பல்லோ 11 விட்டுவந்த கலத்தின் அடிப்பகுதியையே 2021-இல் படம் எடுத்தது. இவை நம்மவர் செய்த கேமராக்கள். அமெரிக்கருக்காகப் பொய் சொல்ல அவற்றுக்குக் காரணம் இல்லை.

“நிலவில் நடந்தார்களோ இல்லையோ, நமக்கு என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு நிறைய உண்டு. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தில், நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அப்போது இருவகை ஐயங்கள் எழுந்தன. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைய வெடி வைத்தால் மலைக்கும் நீருக்கும் அருகிலுள்ள காட்டுக்கும் என்ன ஆகும் என்பது ஒன்று. அளந்து விடை காணவேண்டிய நியாயமான வினா அது. நீதிமன்றங்கள் வரை சென்ற வினாவும் ஆகும். நியூட்ரினோ என்னும் துகளே நம்மை எரித்துவிடும் என்பது மற்றொன்று. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்ற கணக்கில் நம் உடலை எப்போதும் ஊடுருவிச் செல்கின்றன. நாம் உணர்வதுகூட இல்லை. இரண்டாம் ஐயம் உரக்கப் பேசப்பட்டபோது யாருக்கு இழப்பு? முதல் ஐயத்தை எழுப்பியவர்களுக்கே. “இவர்கள் அறியாதவர்கள்” என்று அவர்களையும் சேர்த்து ஒதுக்குவது எளிதாயிற்று. பதர் மிகுந்தால் நெல்மணியும் கண்ணுக்குத் தெரியாது. ஆய்ந்து ஐயுறத் தெரியாதவன், தன் ஊரின் மலையையும் நீரையும் காக்கும் வினாவைக்கூடத் தோற்றுவிடுவான்.

ஆகவே, மாணவர்களே, ஐயம் வரும்போது உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேளுங்கள். இது உண்மையானால் என்ன சுவடு கிடைக்கவேண்டும், அது கிடைக்கிறதா? இது பொய்யானால் வெளிப்படுத்தி நன்மை பெறக்கூடியவர் யார். அவர் என்ன சொல்கிறார்? எத்தகைய சான்று வந்தால் நான் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்? மூன்றாம் கேள்விக்கு “எதுவும் மாற்றாது” என்பது உங்கள் விடையானால், உங்களிடம் இருப்பது ஐயம் அன்று, பிடிவாதம்.

அன்று குரங்கணியில் கேட்ட மாணவன் இறுதியில், “அப்படியானால் அந்த இரயிலுக்குச் சுவடு எங்கே, ஐயா?” என்றான். எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. மலையைச் சுட்டிக்காட்டி, “ஏறிப் போய்ப் பார், தம்பி” என்றேன்.