வேருறைப் பூஞ்சணமும் டி.என்.ஏ. வரிசையும்

யாழ்ப்பாணத்து முற்றங்களில் வெளிர்மஞ்சள் இலை தாங்கி நிற்கும் இலச்சைகெட்ட மரத்தை நாம் கீரை தரும் மரமாகவே அறிவோம். இதே இனம் இந்து, பசிபிக் பெருங்கடல்களின் பவளத் தீவுகளிற் காடாகச் செழித்திருக்கிறது. அங்கே அதன் பசைமிகு வித்துகள் கடற்பறவைகளின் இறகில் ஒட்டித் தீவு விட்டுத் தீவு செல்கின்றன.

அதன் வேர் வியப்புக்குரியது. 1982 இல், ஆஸ்திரேலியாவின் ஹெரன் தீவில் வளர்ந்த மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சணம் உறைபோலப் போர்த்தியிருப்பதை ஆய்வாளர்களான ஆஷ்போர்டும் அல்லவேயும் விளக்கினர். பொதுவாக இத்தகைய பூஞ்சணம் வேர்க்கலங்களின் இடையே புகுந்து வலை பின்னும். இம்மரத்தில் அவ்வலை இல்லை. வேர்க்கலங்களே தம் சுவரை உள்நோக்கி வளர்த்துப் பரப்பைப் பெருக்கிப் பூஞ்சணத்தோடு ஊட்டம் மாற்றிக்கொள்கின்றன.

அப்பூஞ்சணம் யாது? வேரை மூடிய இழைகளின் உருவம் மட்டும் இனத்தைத் தெளிவாகக் காட்டாது. மேலே முளைக்கும் காளானை நம்புவதும் தவறு. கலிபோர்னியப் பைன் காடொன்றில் ஆய்வாளர்களான கார்டிசும் புரூன்சும் 1996 இல் இதை நிறுவினர்: தரைமேல் மிகுதியாய் எழுந்த காளானினம் வேர்களில் அருகியே இருந்தது, வேர்களை நிறைத்திருந்தவையோ மேலே அரிதாகவே தோன்றின.

ஆகவே வேரையே கேட்க வேண்டும். நுண்வேரைக் கழுவி அரைத்து டி.என்.ஏ.யைப் பிரிக்கிறார்கள். மரத்தின் டி.என்.ஏ. மேலோங்காதபடி, பூஞ்சணத்தை நாடும் தொடக்கிகள் எனும் சிறு டி.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு ஐ.ரி.எஸ். எனும் பகுதியை மட்டும் படிபெருக்கி, அதன் எழுத்து வரிசையை வாசித்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள். 2012 இல் அப்பகுதி பூஞ்சண இனங்களுக்குரிய பொது அடையாளமாக ஏற்கப்பட்டது.

சீசெல்சுத் தீவுகளில் எசுத்தோனிய ஆய்வாளர் இவ்வழியிற் கண்டு 2010 இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. இம்மரம் மிகச் சில பூஞ்சணங்களோடு மட்டுமே கூடுகிறது; அவற்றுள் தொமெந்தெல்லா பேரினத்தவை முதன்மையானவை. அவை குடை விரிப்பதில்லை. மட்கும் கட்டையின் அடியில் மெல்லிய படலமாகப் படர்பவை. காளான் தேடிச் சென்றவர் கண்ணில் அவை பட்டிருக்கவே மாட்டா.

நம் முற்றத்து மரமோ தடி நட்டு வளர்த்தது. வேரில்லாத் தடி பூஞ்சணத்தைக் கொண்டுவருவதில்லை. புதுவேர் தன் துணையை இம்மண்ணிலேயே தேட வேண்டும். எது துணையாயிற்று என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாவரவியல் மாணவர் சிறிதளவு வேரைக் கொண்டே காணலாம்.

நம் மண்ணின் பிற மரங்களான பனையும் வேம்பும் புளியும் வேறு வகையின. அவற்றின் பூஞ்சணம் வேர்க்கலத்தினுள்ளேயே கிளைவிடும். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைமையான புதைபடிவங்களிலும் இவ்வகை காணப்படுகிறது. எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் கல்சியம் பொசுபரசைப் பிணைத்துவிடுகிறது. வேர் எட்டாத இடத்துக்கு இழை நீட்டி அதைக் கொணர்வது இப்பூஞ்சணமே. ஆகவே, மரநடுகை செய்வோரே, நாற்றுப்பையை நிரப்பும்போது, நாற்றின் இனத்தைச் சேர்ந்த நோயற்ற முதிர்ந்த மரத்தின் அடிமண்ணில் ஒரு பிடி சேர்த்துக்கொள்ளுங்கள்.