துறவியின் முக்காடு
அழகும் நஞ்சும் ஒருங்கே அமைந்த மலர்ச்செடி

சித்த வைத்தியர்கள் வச்சநாவி என்று வழங்கும் கிழங்கைப் பற்றி நம்மில் பலரும் மூத்தோர் வாயிலாகக் கேள்வியுற்றிருப்போம். கொடிய நஞ்சாகிய அதனை முறைப்படி சுத்தி செய்த பின்னரே அவர்கள் மருந்திற் சேர்ப்பர். இமயமலைப் பகுதியில் வளரும் ஒரு செடியின் கிழங்கே அது. அச்செடியின் உறவினங்களை ஆங்கிலேயர் தம் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்த்து வருகின்றனர் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

தாவரவியலார் அக்கோனைற்றம் எனப் பெயரிட்டுள்ள இக்குலத்தில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பூவின் மேற்புறத்து இதழ் கிறித்தவத் துறவிகள் அணியும் முக்காட்டைப் போல் வளைந்து கவிந்திருப்பதால், ஆங்கிலத்தில் இதற்குத் 'துறவியின் முக்காடு' என்னும் பொருளுடைய பெயர் ஏற்பட்டது. தேன் அந்த முக்காட்டினுள்ளே மறைந்திருக்கிறது. பருத்த உடலுடைய வண்டுத் தேனீக்களே உள்ளே புகுந்து அதனைப் பருகும் ஆற்றலுடையன.

தோட்டத்திற்கு உகந்த இனங்கள் பல உள. ஐரோப்பாவுக்குரிய நாபெல்லசு, கோடையில் ஆழ்ந்த நீலப் பூக்களைக் கதிர் கதிராகத் தாங்கி மூன்று நான்கு அடி உயரம் நிற்கும். லைகொக்டோனம் என்பது வெளிர் மஞ்சட் பூவுடையது. ஓநாய்களைக் கொல்ல இதனை முற்காலத்தில் பயன்படுத்தினர். 'ஓநாயைக் கொல்வது' என்பதே அப்பெயரின் பொருள். சீனத்திலிருந்து வந்த கார்மைக்கேலி, ஏனைய பூக்கள் ஓய்ந்த இலையுதிர் காலத்தில் மலர்வதாற் பெரிதும் விரும்பப்படுகிறது. சீனத்தில் வளரும் எம்சிலியானம், கொடியாகப் படர்ந்து வேலியை மூடும். இவ்வாறு நான்கு இனங்களை வளர்ப்பவர் ஆனி மாதம் முதல் ஐப்பசி வரை பூவைக் காணலாம்.

இவற்றை விதையிலிருந்து வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். குளிர்காலம் ஒன்றைக் கடந்தாலன்றி விதையின் உறக்கம் கலையாது. மேலும், நாட்பட்ட விதை முளைக்கும் ஆற்றலை இழந்து செல்லும். ஆகையால், காய்கள் உலர்ந்து வெடிக்கும் தறுவாயில் விதையைச் சேர்த்து உடனே விதைப்பதே சிறந்தது. மக்கிய உரம் கலந்த மண்ணைச் சட்டியில் இட்டு, விதைகளைத் தூவி, மெல்லிய மணற்படையால் மூடி, குளிர்காலம் முழுவதும் வெளியிலே வைத்துவிடவேண்டும். மண் காயவும் கூடாது. நீர் தேங்கவும் கூடாது. இளவேனிலில் முளை தோன்றும்.

கடையில் வாங்கிய பழைய விதையாயின், ஈரமணலுடன் கலந்து சிறு பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் 4 அல்லது 5 பாகை வெப்பத்திற் பல வாரங்கள் வைப்பது வழக்கம். உணவுப் பண்டங்கள் இருக்கும் பெட்டியில் இதனை வைப்போர், மூடியிட்ட தனிக் கலத்தில் வைத்து 'நஞ்சு விதை' என்று தெளிவாக எழுதி ஒட்டுதல் இன்றியமையாதது. முதலாண்டில் முளைக்கவில்லை என்று சட்டியைக் கவிழ்த்துவிடக் கூடாது. இரண்டாம் இளவேனிலில் முளைப்பனவும் உண்டு. பூவைக் காண்பதற்கு மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லலாம். கலப்பினச் செடியின் விதை தாயைப் போன்ற பூவைத் தருமென்பது உறுதியன்று. அதே பூவை விரும்புவோர் இலையுதிர் காலத்திற் கிழங்கைப் பிரித்து நடுவதே முறை.

எந்த இனமாயினும் சட்டியிலும் பாத்தியிலும் பெயர்ச்சீட்டு நாட்டுவதை மறக்கலாகாது. இனத்தை அறிவதற்கு மட்டுமன்று, உயிரைக் காப்பதற்கும் அது வேண்டும். பூ இல்லாத காலத்தில் இதன் பிளவுபட்ட இளந்தழையைக் கீரை என்றும், கிழங்கை உண்ணத்தக்க வேர் என்றும் மயங்குதல் எளிது. 1856ஆம் ஆண்டு சுகொத்துலாந்து நாட்டின் டிங்வால் என்னும் ஊரில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். இறைச்சியுடன் உண்ணும் கார வேரைத் தோட்டத்தில் தோண்டி வருமாறு பணியாள் ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் கொண்டுவந்ததோ இச்செடியின் கிழங்கு. அதிற் செய்த குழம்பை உண்ட கத்தோலிக்கக் குருமார் இருவரும் மாண்டோருள் அடங்குவர். ஒரே தோட்டத்தில் உணவும் நஞ்சும் அடையாளமின்றி இருந்ததே அக்கேட்டுக்குக் காரணம்.

இச்செடியின் எல்லா உறுப்புகளிலும் அக்கோனிற்றின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கில் அது மிகுதி. உண்டவருக்கு முதலில் வாயும் நாவும் கூசி மரத்துப்போகும், வாந்தி உண்டாகும், பின்னர் இதயத்தின் துடிப்பு நிலை குலையும். இதற்கென முறிமருந்து எதுவும் இல்லை. ஐயம் தோன்றிய உடனேயே நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். இதயத்தைக் கண்காணித்து ஏற்ற சிகிச்சை அளிப்பின் பிழைத்தோர் பலர்.

யாழ்ப்பாணத்து வெயில் இச்செடிக்கு ஒவ்வாது. எனினும், நம் உறவினர் பலர் இன்று இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வீடும் தோட்டமும் அமைத்து வாழ்கின்றனர். முற்றத்துக் கீரையைக் கிள்ளிச் சமைக்கும் நம் வழக்கத்தையும் அவர்கள் உடன் கொண்டு சென்றுள்ளனர். முன்னிருந்தவர் விட்டுச்சென்ற செடிகளுள் இதுவும் ஒன்றாயிருத்தல் கூடும். இன்னதென்று அறியாத தழையைச் சட்டியிலிடாதிருத்தல், காய்கறிப் பாத்திக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்திற்கும் அப்பால் இதனை நடுதல், கையுறையின்றித் தொடாதிருத்தல், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுதல் ஆகிய இந்நான்கையும் கைக்கொள்ளும் இல்லத்தார் இந்நீல மலரின் அழகை அச்சமின்றிக் கண்டு மகிழலாம்.