மாடியில் உலாவிய மாலை

தாவீது எப்போது விழுந்தார்? குளித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தபோது என்போம். 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம் அதற்கும் முன்னே தொடங்குகிறது. அது போர்க்காலம். படை இரபாவை முற்றுகையிட்டிருக்க, அரசரோ எருசலேமிலேயே தங்கிவிட்டார். மாலையில் படுக்கையை விட்டெழுந்து மாடியில் உலாவினார். கண்ணில் பட்டது பாவமல்ல. யாரென்று விசாரித்தார், உரியாவின் மனைவி என்று பதில் வந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆளனுப்பினார். முடிவில் குற்றமற்ற உரியா போர்முனையில் மடிந்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் விழுந்ததைச் சொல்கிறோம். விழுமுன் எங்கே, எதற்காகத் தங்கினோம் என்பதைச் சொல்வதில்லை. (குருக்களாகிய நாங்களும் அப்படித்தான்.) குடியை விட நினைப்பவர் மதுக்கடை இருக்கும் தெருவையே தவிர்க்க வேண்டும். நள்ளிரவில் கைப்பேசியோடு போராடுபவர் அதைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கட்டும். அடுத்தமுறை ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வரும்போது அந்த மாடியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.