ஆகஸ்ட் 1 கணக்கும் ஈராசிரியர் பள்ளிகளும்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் காலை நேரத்தில் தனியார் பள்ளி வேன்கள் தெருமுனை வரை வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. அதே ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இருபது பேர்கூட இல்லாத நிலை வந்தால், அங்கே எத்தனை ஆசிரியர்கள் இருப்பார்கள்?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கைதான் அதைத் தீர்மானிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். எண்ணிக்கை குறைந்து உபரியாகும் ஆசிரியர், பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார்.

இருபது பேருக்கு இருவர் என்றால் தாராளம் போலத் தோன்றும். ஆனால் முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தலா நான்கு பாடம், அடுத்த மூன்றுக்குத் தலா ஐந்து. மொத்தம் 23 பாடங்கள். இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். பதிவேடு, இணையப் பதிவு, காலை உணவு, மதிய உணவு எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போகும் நாளில் பள்ளியே ஓராசிரியர் பள்ளிதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கும்போது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னக் கணக்கோடு காத்திருக்கும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. அது ஓரளவு கைகொடுக்கிறது; ஆனால் ஆள் பற்றாக்குறையை அது தீர்க்காது.

ஜவ்வாது மலையில் கதையே வேறு. அங்கே குக்கிராமங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை. ஊர் சிறிது, ஆகவே பள்ளியும் சிறிது. அதை மூடினால் ஆறு வயதுப் பிள்ளை காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். வேனுக்குப் பிள்ளைகளை இழந்த பள்ளியையும் இதையும் ஒரே எண்ணிக்கையால் அளப்பது நியாயமல்ல. தொலைவும் வகுப்புகளும் கணக்கில் வர வேண்டும். சிறிய பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் தேவை என்பதே என் கருத்து.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருந்தால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நேரில் சென்று பாருங்கள். சேர்ப்பதென்றால் ஆகஸ்ட் 1க்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.