கூலிக்கு ஒரு முறை, மானத்துக்கு மறுமுறை!



வெள்ளையன் ஆட்சியை மக்கள் ஏன் எதிர்த்தார்கள்? அவன் நிறம் பிடிக்காமலா? அவன் மொழி புரியாமலா? இல்லை, தோழா, இல்லை! விடை வேண்டுமா? வா தூத்துக்குடிக்கு, 1908-ஆம் ஆண்டுத் தூத்துக்குடிக்கு!

அங்கே கோரல் ஆலை. ஹார்வி துரைகள் நடத்திய நூற்பாலை. உள்ளே பஞ்சு நூலாயிற்று. நூற்றவன் உடலும் நூலாய் இளைத்தது! வேலை நேரமோ நீளம்; கூலியோ குறைவு; வார ஓய்வும் இல்லை.

கடலிலும் அதே கதைதான். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். கொழும்புக்குக் கப்பல் விட்டார். பொறுத்ததா வெள்ளையர் கம்பெனி? கட்டணத்தைக் குறைத்தது; குறைத்துக் குறைத்து, இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது. தருமமா அது? தூண்டிலில் மாட்டிய புழு! கடலில் வணிகன் கழுத்து நெரிபட்டது. ஆலையில் தொழிலாளி வயிறு சுருங்கிற்று. இரண்டையும் காத்து நின்றது ஒரே சர்க்கார்!

பிப்ரவரி 27. ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். ஊரும் சேர்ந்தது. வெள்ளையர் பக்கம் சாய்ந்தவருக்குச் சவரம் செய்ய மாட்டோம் என்றனர் நாவிதர்! மார்ச்சு முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, விடுமுறை கிடைத்தது.

வெற்றியைப் பொறுக்குமா ஆதிக்கம்? மார்ச்சு 12-இல் தலைவர்களைக் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கி வெடித்தது, நால்வர் மாண்டனர். கோரல் தொழிலாளர் மீண்டும் வெளியே வந்தனர். எதற்காக? கூலியா? அதுதான் கிடைத்துவிட்டதே! தங்களுக்காகப் பேசிய வாயைப் பூட்டினார்களே, அதற்காக! முதல் முறை வயிறு எழுந்தது. மறுமுறை மானம் எழுந்தது!

ஜூலையில் தீர்ப்பு வந்தது. சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனை, 40 ஆண்டு! மேல்முறையீட்டில் குறைந்தது. 1912-இல் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

வயிற்றில் அடித்தான், மக்கள் முணுமுணுத்தனர். வாயையும் அடைத்தான், மக்கள் எழுந்தனர். எதிர்ப்பின் வேர் அதுதான், தோழா!

தலைவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. அன்றாடக் கூலியை இழந்து, அவருக்காக ஆலையை விட்டு வெளியே வந்தானே, அவன் பெயரை எந்த ஏடு எழுதிற்று? நாமாவது நினைப்போம், அவன் நம்மவன்!